கிழிந்த மூலை அட்ரினலின்

மருந்தியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வரும். வகுப்பு முடிந்து கறுப்புப் பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். பின்னால் ஒரு மாணவர் வந்து நிற்பார். "சார், பார்மக்காலஜிய எப்படிப் படிக்கறதுங்க?" என்பார். எந்தப் புத்தகம், எத்தனை தடவை, எந்தக் கேள்வி முக்கியம் என்று நீங்கள் சொல்லத் தொடங்குவீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு மழைக்காலத்தில் நடந்த சம்பவத்துக்குப் பிறகு என் பதில் மாறிவிட்டது. அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

நாள், கிழமை குறித்து வைப்பது என் பழக்கம். ஆண்டைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆகவே ஆண்டை விட்டுவிடுகிறேன். கார்த்திகை மாதம், வியாழக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் பெய்த மழையில் எங்கள் செய்முறைக் கூடத்தின் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, சார்ட்டுகள் எல்லாம் ஊறிப்போயிருந்தன.

சார்ட் என்றால் உங்களுக்குத் தெரியும். வெளியாள் யாராவது இதைப் படித்தால் அவருக்காகச் சொல்கிறேன். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு ஒரு மருந்தைச் செலுத்தினால் அதன் ரத்த அழுத்தம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று எப்போதோ பதிவு செய்த கோடு அது. இப்போது நாயும் இல்லை, ஊசியும் இல்லை. கோடு மட்டும் இருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்து, செலுத்தப்பட்ட மருந்து எது என்று மாணவர் சொல்ல வேண்டும். என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கல் வைத்திருந்தேன். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு நிலத்துக் கல். அதில் ஒரு கடல் பிராணியின் சுருள் பதிந்திருக்கும். கடல் போய்விட்டது, பிராணியும் போய்விட்டது, தடம் இருக்கிறது. அந்தத் தடத்தை வைத்துக்கொண்டு ஒரு கடலையே கணக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சார்ட்டைப் படிப்பதும் அது போன்ற வேலைதான் என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் தலையாட்டுவார்கள்.

ஊறிப்போன சார்ட்டுகளுக்குப் பதிலாக, கணினியில் இருந்த பிரதியிலிருந்து புதிதாக அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை ஒட்டி வைத்தேன். அந்த வியாழக்கிழமை துணைத் தேர்வுக்கான மாதிரித் தேர்வு. ஜூனில் தவறியவர்கள், ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் அளவுக்கே இருந்தார்கள். சார்ட்டுகளைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

ஒருவரும் கோட்டைப் பார்க்கவில்லை. ஒரு பையன் சார்ட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். இன்னொருத்தி நான்கு மூலைகளையும் விரலால் தடவினாள். லப்பைக்குடிகாட்டிலிருந்து வந்த அஸ்லம் சார்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வியாபாரி ரூபாய் நோட்டைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"என்னப்பா தேடற?" என்றேன்.

"சார், இது பழைய சார்ட் இல்லீங்களே."

"அதே சார்ட்தான். புதுசா பிரிண்ட் போட்டிருக்கேன்."

மேஜை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அஸ்லம் சார்ட்டை மெல்லக் கீழே வைத்தான். "அப்ப டீக்கறை போச்சுங்களா சார்?"

"என்ன டீக்கறை?"

பக்கத்திலிருந்தவன் அவன் தொடையில் கிள்ளினான். அஸ்லம் அதைப் பொருட்படுத்தவில்லை. "இனிமே மறைச்சு என்னடா பண்றது?" என்று அவனைக் கடிந்துவிட்டு என்னிடம் சொன்னான். "கிழிஞ்ச மூலை அட்ரினலின் சார். டீக்கறை அசிட்டைல்கோலின். பின்னாடி பச்சை மையில ஒரு புள்ளி இருந்தா நார் அட்ரினலின். சீனியர்ங்க சொல்லிக் குடுத்தாங்க. அவங்களுக்கு அவங்க சீனியர்ங்க."

"எவ்வளவு காலமா?"

"அது வழிவழியா வருதுங்க சார்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அம்சவல்லி. செட்டிகுளத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். வீட்டில் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள். அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் மருத்துவத்துக்கு வந்தவள். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவள் வெற்றுத் தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, போகலையா?"

"எனக்கு அது மட்டுந்தாங்க சார் தெரியும்."

"எது?"

"அந்தக் கறையும் கிழிசலும். தியரியில எப்படியும் தட்டுத் தடுமாறிடுவேன். பிராக்டிகல்ல அதை நம்பித்தான் இருந்தேன்." வெற்றுத் தாளை இரண்டாக மடித்தாள். "இதுலயும் போச்சுன்னா நான் நின்னுக்கறேன் சார்."

"எதுக்கு நிக்கணும்? ஜூனியர் பேட்ச்சோட உட்கார்ந்து எழுதலாமே?"

"உக்காரலாம். வெக்கத்துக்காகச் சொல்லலீங்க சார். ரெண்டு தடவையும் வரலைன்னா, எனக்கு இது வராதுன்னு தெரிஞ்சிடுது இல்லீங்களா? வராதுன்னு தெரிஞ்சப்புறம் ஒரு நோயாளிக்கு எந்த மொகத்தோட மருந்து எழுதறது?"

அவள் சோம்பேறி இல்லை. அவளுடைய பாடப்புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். நான்கு வண்ணங்களில் கோடிட்டு, கோடு இல்லாத வரியே இல்லாமல் செய்திருந்தாள். ஒரே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். வாசிக்க வாசிக்கப் பழகிய முகம் போலத் தெரியும். பழகிய முகம் என்பதால் பேர் தெரியும் என்று நினைத்துக்கொள்வாள். தேர்வில் வெறுந்தாளைப் பார்த்ததும் முகமும் மறந்துவிடும். இது அவளுடைய குறை மட்டுமல்ல, உங்கள் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் இருப்பார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்தாள். நான் அறைக்கதவைத் திறப்பதற்குள் வராந்தாவில் நின்றாள். செருப்பில் வயல் மண் காயாமல் இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? பிரஷர் ஏறுதுன்னா ரெண்டே காரணந்தானங்க? ஒண்ணு மோட்டார் வேகமா ஓடணும். இல்லாட்டி வால்வை மூடணும்."

"எந்த மோட்டார்?"

"நேத்து வெங்காயத்துக்குச் சொட்டுநீர் விட்டுட்டு இருந்தேங்க. அப்பா ரெண்டு லைனை மூடச் சொன்னாரு. மூடுனேன். மீட்டர்ல முள்ளு எகிறிடுச்சு. மோட்டார் அதே மோட்டார்தான். அப்பத்தான் தோணுச்சு. ஹார்ட்டு மோட்டாரு. ரத்தக் குழாய் எல்லாம் லைனு. சரிங்களா?"

"சரி. மேல சொல்லு."

"அட்ரினலின் மோட்டாரையும் முடுக்குது, நெறைய வால்வையும் மூடுது. அதான் ஆல்ஃபா. ஆனா சில வால்வைத் தொறந்தும் விடுது. அது பீட்டா. மூடற கை பலமா இருக்கறதால பிரஷர் ஏறுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்ப மூடற கையைக் கட்டிப் போட்டுட்டு அதே அட்ரினலினைக் குடுத்தா?"

ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் நகர்த்தி வைத்தேன். "என்ன ஆகும்னு வரை."

அவள் நின்றபடியே குனிந்து வரைந்தாள். ஒரு நேர்கோடு. மருந்து செலுத்திய இடத்தில் ஓர் அம்புக்குறி. அதற்குப் பிறகு பென்சில் தயங்கியது. அப்புறம் கோடு கீழே இறங்கியது. பள்ளத்துக்குப் போய் மெல்ல மேலே வந்து பழைய இடத்தில் சேர்ந்தது.

அலமாரியைத் திறந்து, ஆல்ஃபாவைத் தடுத்த பிறகு அட்ரினலின் கொடுத்த சார்ட்டை எடுத்து அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எப்போதோ, யாரோ, எங்கோ ஒரு நாயிடம் எடுத்த கோடு. இவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் எடுத்தது. இரண்டும் ஒரே பள்ளம்.

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "சார், இதை நான் படிக்கவே இல்லீங்களே!"

இத்தனை ஆண்டுகளில் இந்தச் சார்ட்டை ஆயிரக்கணக்கானோர் முன்னால் நீட்டியிருப்பேன். ஒருவர் அதைப் பார்க்காமலே, வெங்காயக் கொல்லையிலிருந்து நடந்து வந்து, தானாக வரைந்து நான் பார்த்தது அன்றுதான். உடம்பின் ஒழுங்கு அவ்வளவு நம்பகமானது. முறையாக யோசிக்கிறவருக்கு அது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அதன் பிறகு அந்தச் சின்னக் குழு படித்த விதம் மாறியது. நான் மாற்றவில்லை, அவள் தாளைப் பார்த்து மற்றவர்களே மாற்றிக்கொண்டார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு மருந்து உடம்பில் எங்கே போய் உட்காரும், உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று முதலில் யூகித்து வரைந்தார்கள். பிறகு திறந்து சரிபார்த்தார்கள். தப்பானதை மறுநாள் மறுபடி வரைந்தார்கள், நான்கு நாள் கழித்து இன்னொரு தடவை. ஒரு குடும்பத்து மருந்துகளில் மூத்ததை மட்டும் முழுதாகத் தெரிந்துகொண்டு, மற்றவை அதிலிருந்து எதில் வேறுபடுகின்றன என்று மட்டும் பார்த்தார்கள். பக்கவிளைவுகளை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. பீட்டாவைத் தடுத்தால் ஆஸ்துமாக்காரருக்கு ஏன் மூச்சு இறுகும் என்று அஸ்லம் மேஜையைத் தட்டித் தட்டி மற்றவர்களுக்கு விளக்குவான். விளக்க முடியாமல் எங்கே திக்கினானோ அங்கே போய்ப் புத்தகத்தைப் புரட்டுவான். மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவையும் உண்டு. அளவுகள், சில பெயர்கள். அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆணி அடித்த பிறகுதான் சட்டை மாட்ட முடியும். ஆணி இல்லாத சுவரில் சட்டையை எறிந்துகொண்டிருந்தார்கள் அதுவரை.

மார்கழியில் தேர்வு வந்தது. காலை பனி விலகாத நேரம். வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் தெற்கு மாவட்டத்து அம்மையார். நான் உள்தேர்வாளர். மேஜைமேல் எங்கள் புதுச் சார்ட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் வணக்கம் சொன்ன கையோடு அவற்றை ஓரமாகத் தள்ளினார்.

"இதெல்லாம் எடுத்து வச்சிருங்க சார். எல்லாக் காலேஜிலயும் சார்ட்டுக்கு ஒரு வால் முளைச்சிருக்கும். நான் லேப்டாப் கொண்டு வந்திருக்கேன்."

அவரும் ஒரு காலத்தில் டீக்கறை பார்த்தவராக இருக்க வேண்டும்.

அவருடைய கணினியில் ஒரு செயற்கை நாய். பெயரில்லாத மருந்தைச் செலுத்தினால் திரையில் கோடு ஓடும். அதைப் பார்த்து மருந்தைச் சொல்ல வேண்டும். அன்று அவர் வைத்திருந்த கோடு ஒன்று வந்தவர்களை வரிசையாகக் கவிழ்த்தது. அழுத்தம் செங்குத்தாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். முதலில் வந்தவன், படித்த விதமெல்லாம் பதற்றத்தில் மறந்துபோய், உட்காருவதற்குள் "அட்ரினலின்" என்றான். அடுத்தவளும் அட்ரினலின். ஏன் என்று கேட்டால், "ஏறுது மேடம்" என்றாள். தேர்வாளர் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டார்.

அடுத்து அம்சவல்லி. உள்ளே வந்ததும் அவள் கண் முதலில் ஓரத்தில் இருந்த சார்ட் அடுக்குக்குப் போனது. பிறகு திரைக்கு. திரைக்கு மூலையும் கிழியாது, கறையும் படியாது. நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கோடு ஓடி முடிந்தது.

"சொல்லும்மா. என்ன மருந்து?"

அவள் திரையையே பார்த்தாள். வெளியே வரிசையில் நிற்பவர்களின் காலடி கேட்டது.

"சொல்லு. டைம் ஆகுது."

"சொல்ல முடியாதுங்க மேடம்."

தேர்வாளர் பேனாவை மதிப்பெண் தாளுக்குக் கொண்டு போனார். "தெரியாதா?"

"தெரியாதுன்னு இல்லீங்க. இதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதுங்க." விரலால் திரையைக் காட்டினாள். "வால்வ... ரத்தக் குழாயை மூடுதுங்கறது தெரியுது. ஆனா தொறக்கவும் செய்யுதான்னு தெரியல. ரெண்டும் செஞ்சா அட்ரினலின். மூடறது மட்டும்னா நார் அட்ரினலின். தொறந்தா கடைசியில லேசா இறங்கணும். இறங்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இதுல ஒண்ணைச் சொன்னா அது குத்துமதிப்புங்க மேடம்."

"அப்ப என்ன பண்ணலாங்கற?"

"ஆல்ஃபாவைத் தடுக்கற மருந்தைக் குடுத்துட்டு, இதையே இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க. அட்ரினலினா இருந்தா கீழ இறங்கும். நார் அட்ரினலினா இருந்தா அசையாது."

பேனா நின்றது. தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, கணினியில் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். பிறகு பெயரில்லாத மருந்தை மறுபடி செலுத்தினார். மூவரும் திரையைப் பார்த்தோம். எனக்கும் விடை தெரியாது. அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கோடு அம்புக்குறியைத் தாண்டியது. ஏறவில்லை. இறங்கவும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் போலச் சமமாக ஓடிக்கொண்டே இருந்தது.

"நார் அட்ரினலினுங்க மேடம்," என்றாள் அம்சவல்லி.

"ம்," என்றார் அவர். "போகலாம்."

இளம் நண்பர்களே, தேர்வு மேஜையில் விடை சொன்னவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இன்னும் தெரியவில்லை என்பதைத் துல்லியமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, எதைக் காட்டினால் தெரியும் என்றும் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். தேறினாளா என்று உங்களைக் காத்திருக்க வைக்க மாட்டேன். பொங்கல் கழிந்து முடிவு வந்தது, தேறியிருந்தாள், இப்போது மருத்துவராக இருக்கிறாள். ஆனால் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வது முடிவு வந்த நாளை இல்லை. "போகலாம்" என்று சொன்ன பிறகு நடந்ததை.

கதவு வரை போனவள் திரும்பி நின்றாள். அடுத்தவனாக அஸ்லம் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டிவிட்டான்.

"மேடம், ஒரு சந்தேகங்க."

"உன் பரீட்சை முடிஞ்சிடுச்சும்மா."

"தெரியுங்க. மொதத் தடவை பிரஷர் உச்சிக்குப் போனப்ப, துடிப்புக் கோடெல்லாம் தள்ளித் தள்ளி இருந்துச்சு. அப்படின்னா ஹார்ட்டு மெதுவா அடிக்குது. ஆனா இந்த மருந்து ஹார்ட்டை முடுக்கற மருந்துதானங்க? ஏன் மெதுவாச்சு?"

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அட்ரினலினில் துடிப்பு வேகமாகும், இப்படி மெதுவாவது நார் அட்ரினலினில்தான். அந்த ஒன்றைக் கவனித்திருந்தால் தடுப்பு மருந்தே தேவைப்பட்டிருக்காது. அன்று காலையிலிருந்து யாரும் அதைக் கவனிக்கவில்லை. தேர்வாளர் மதிப்பெண் தாளை மூடினார்.

"நீயே சொல்லு. பிரஷர் அளவுக்கு மேல ஏறிட்டா நல்லதா?"

"இல்லீங்க. லைன் வெடிச்சிடும்."

"அப்ப?"

"யாராச்சும் மோட்டாரைக் குறைக்கணும்." சொல்லிவிட்டு நின்றாள். "ஆனா குறைக்கணும்னா, ஏறிடுச்சுன்னு யாராச்சும் பாத்துட்டே இருக்கணுமே..."

பாதி வாக்கியத்தில் அவள் கை தானாக மேலே போனது. தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரல்களை வைத்தாள்.

"மொத வருஷம் இதைப் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேங்க மேடம். கழுத்துக் குழாய்ல பிரஷரைப் பாக்கற எடம் இருக்கு, அது மூளைக்குச் சொல்லும், மூளை ஹார்ட்டைக் குறைக்கும்னு. படம்கூடப் போட்டேன்." அவள் குரல் இறங்கியது. "அது நெசமாவே உள்ள இருக்குதுங்களா?"

தேர்வாளர் அம்மையார் தன் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்திருந்தார். கண்கள் திரையில் இருந்த அந்தப் பழைய உச்சியில் நிலைத்திருந்தன. என் கையும் என் கழுத்தில் இருந்ததை அப்புறம்தான் உணர்ந்தேன். விரலுக்கு அடியில், என்னைக் கேட்காமல், என் வாழ்நாள் முழுவதும் ஒரு கணமும் கண்ணயராமல், அது அளந்துகொண்டிருந்தது. நான் அதைப் பற்றி எத்தனை வகுப்புகள் எடுத்திருப்பேன்!

அஸ்லம் கதவிடுக்கிலிருந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னங்க சார், எல்லாருக்கும் கழுத்து வலிங்களா?"

"உனக்கும் இருக்குடா," என்றாள் அம்சவல்லி. "உள்ள வா. தொட்டுப் பாரு."